‘பொசிட்டிவ்’ என்றால் நல்லதோ, கெட்டதோ? கலத்தின் வாங்கியும் நியூசிலாந்தின் மருந்துக் கணக்கும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒக்லாந்தின் சண்ட்றிங்கம் பகுதியில் எமக்கு நெருக்கமான ஒரு வீட்டுக் குசினி மேசையில், வைத்தியசாலையில் இருந்து வந்த கடிதம் ஒன்றை எம் முன்னால் வைத்தார்கள். அந்த வீட்டு அக்காவுக்கு மார்பில் கட்டி. வெட்டி எடுத்துச் சோதித்த அறிக்கை அது. “தம்பி, நீங்கள் படிச்சனீங்கள். இதில ஹெர்-2 பொசிட்டிவ் எண்டு கிடக்கு. பொசிட்டிவ் எண்டால் நல்லதுதானே?” என்று அக்கா கேட்டார்.

நாங்கள் படித்தது வணிகமாணி. ஐந்தொகை பார்க்கத் தெரியும், நோயியல் அறிக்கை பார்க்கத் தெரியாது. ஆனாலும் ‘தெரியாது’ என்று சொல்ல வாய் வரவில்லை. “ஓம் அக்கா, நல்லது போலத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டோம். அடுத்த கிழமை வைத்தியர் விளக்கியபோதுதான் அந்த வீட்டுக்கு உண்மை தெரிந்தது. வேகமாகப் பரவக்கூடிய வகை அது. மனம் தேறிப் போனவர்கள் இடிந்துபோய்த் திரும்பி வந்தார்கள்.

அந்தப் பிழையான பதிலுக்கு ஈடாக அன்று தொடங்கிய வாசிப்பின் சுருக்கம்தான் இக்கட்டுரை. எங்கள் சமூகத்தில் இத்தகைய கடிதங்களை மொழிபெயர்க்கச் சொல்லி எவராவது ஒருவரிடம் கொடுக்கிறார்கள். கொடுப்பவருக்கும் வாசிப்பவருக்கும் இது உதவட்டும்.

வாங்கி என்றால் என்ன?

எமது உடல் கோடானுகோடி கலங்களால் ஆனது. தமிழகத்து நூல்களில் ‘செல்’ என்பதை இலங்கையில் ‘கலம்’ என்று படித்தோம். ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு மூடியிருக்கிறது. வெளியில் இருந்து வரும் செய்திகள் அந்தச் சவ்வைத் தாண்டி உள்ளே போவதற்கு, சவ்வில் பதிந்திருக்கும் சில புரதங்கள் உதவுகின்றன. அவைதான் ‘வாங்கிகள்’. தமிழகத்தில் ‘ஏற்பி’ என்பார்கள். ஓமோன் போன்ற ஒரு மூலக்கூறு வந்து தனக்குரிய வாங்கியில் பொருந்தியதும், வாங்கியின் வடிவம் சற்று மாறுகிறது. அந்த மாற்றம் கலத்தின் உள்ளே ‘சுருங்கு’, ‘விரி’, ‘சுர’, ‘பிரி’ என்று ஏதோ ஒரு கட்டளையாகிறது. எல்லா வாங்கிகளும் சவ்வில் இருப்பதில்லை. ஈஸ்திரோஜன் ஓமோனின் வாங்கி பெரும்பாலும் கலத்தின் கருவுக்குள்ளேயே இருக்கும்.

இந்த எண்ணம் பழையது. கேம்பிரிட்ஜில் ஜோன் லாங்லி 1905ஆம் ஆண்டு, நிக்கொட்டினும் குராரே என்னும் நஞ்சும் தசையில் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்வதைப் பார்த்து, தசையில் அவற்றை ‘ஏற்கும் பொருள்’ ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதினார். ஜேர்மனியில் போல் ஏர்லிக்கும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தார். 1948இல் அமெரிக்கரான ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலினுக்கு அல்பா, பீற்றா என இரண்டு வகை வாங்கிகள் இருப்பதாகச் சொன்னார். அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு பிரித்தானியாவில் ஜேம்ஸ் பிளாக், இதயத்தின் பீற்றா வாங்கியை அடைக்கும் புரொப்பிரனோலோலை 1960களில் உருவாக்கினார். பின்னர் வயிற்றில் அமிலம் சுரக்கச் சொல்லும் வாங்கியை அடைக்கும் சிமெற்றிடினும் அவருடைய ஆய்வுக்குழுவில் இருந்தே வந்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பெருங்குடும்ப வாங்கிகள் எப்படி வேலை செய்கின்றன என்று கண்டதற்காக ரொபேர்ட் லெஃப்கோவிச்சும் பிரையன் கொபில்காவும் 2012இல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்று பயன்பாட்டில் உள்ள மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே குடும்பத்து வாங்கிகளைத்தான் தொடுகின்றன.

உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில்

இது தொலைவில் உள்ள விஞ்ஞானம் அல்ல. வீட்டில் அப்பா அம்மாவின் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மெற்றோபுரோலோல் குளிசை இதயத்தின் பீற்றா வாங்கியை அடைக்கிறது. லொசார்ட்டான், கன்டசார்ட்டான் போன்றவை இரத்தக் குழாயைச் சுருக்கும் அஞ்சியோடென்சின் என்ற பொருளின் வாங்கியை அடைத்து அழுத்தத்தைக் குறைக்கின்றன. முட்டுக்கு இழுக்கும் சல்பியூற்றமோல் இதற்கு மாறானது. அது பீற்றா-2 வாங்கியை அடைக்காமல் தூண்டிவிட்டு மூச்சுக்குழாயை விரிக்கிறது. நீரிழிவுக்குக் கிழமைக்கு ஒருமுறை ஊசியாகப் போடும் டுலாகுளூற்றைட், குடலில் சுரக்கும் ஓமோன் ஒன்றின் வாங்கியைத் தூண்டி, சீனி ஏறும்போது இன்சுலின் சுரக்கச் செய்கிறது.

ஆகவே மருந்து வாங்கியில் செய்யும் வேலை பெரும்பாலும் இரண்டே: அடைப்பது, அல்லது தூண்டுவது. ஆனால் ஒரே வாங்கி, அல்லது அதன் நெருங்கிய உறவு, உடலின் வேறு இடங்களிலும் இருக்கும். பக்கவிளைவுகளில் பல அங்கிருந்துதான் வருகின்றன. முட்டு உள்ளவருக்குச் சில பீற்றா தடுப்பான்களைக் கொடுக்க வைத்தியர் தயங்குவதும் இதனால்தான். இதயத்துக்குக் கொடுத்தது மூச்சுக்குழாயையும் போய்த் தொட்டுவிடும்.

இந்தப் பாடத்தை நியூசிலாந்து மிகுந்த விலை கொடுத்துப் படித்தது. 1976இல் பெனொற்றரோல் என்ற பீற்றா தூண்டி இந்நாட்டுச் சந்தைக்கு வந்தது. அதன்பின் ஆஸ்துமா இறப்புகள் இங்கே வேறு நாடுகளில் காணாத அளவுக்கு உயர்ந்தன. வெலிங்டன் ஆய்வாளர்கள் 1989இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில், இம்மருந்துக்கும் அந்த இறப்புகளுக்கும் தொடர்பு உண்டு என்று காட்டினார்கள். பெரும் எதிர்ப்புக்கிடையே வெளிவந்த ஆய்வு அது. மருந்தின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டதும் இறப்புகள் சடுதியாகக் குறைந்தன. வாங்கியைத் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது. எவ்வளவு பலமாக, வேறு எங்கெல்லாம் தட்டுகிறோம் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும்.

ஹெர்-2: அளவுக்கு மிஞ்சிய வாங்கி

இனி அக்காவின் கடிதத்துக்கு வருவோம். மார்புப் புற்றுநோய் அறிக்கையில் வழக்கமாக மூன்று வாங்கிகளின் பெயர் இருக்கும். ஈஆர் என்பது ஈஸ்திரோஜன் வாங்கி. பிஆர் என்பது புரொஜெஸ்திரோன் வாங்கி. மூன்றாவது ஹெர்-2. முதல் இரண்டும் ‘பொசிட்டிவ்’ என்றால், அந்தக் கட்டி பெண் ஓமோனைத் தின்று வளர்கிறது என்று பொருள். அதற்குத் தமொக்சிபென் போன்ற, ஓமோனின் வேலையைத் தடுக்கும் குளிசைகள் உண்டு. மூன்றும் ‘நெகட்டிவ்’ என்றால் அந்த வழிகள் அடைபட்டு, வேறு சிகிச்சைகளை நாட வேண்டும். ஆக, இங்கே ‘நெகட்டிவ்’ என்பதும் நல்ல செய்தி அல்ல.

ஹெர்-2 என்பது கலத்துக்கு ‘வளர், பிரி’ என்ற கட்டளையைக் கடத்தும் வாங்கி. ஆரோக்கியமான கலத்திலும் அது கொஞ்சம் இருக்கும். சில கட்டிகளில் அதற்குரிய மரபணு பல பிரதிகளாகப் பெருகி, கலத்தின் மேற்பரப்பில் வாங்கிகள் அளவுக்கு மிஞ்சி முளைத்துவிடுகின்றன. வெளியில் இருந்து செய்தி வராமலே அவை ஒன்றோடொன்று சோடி சேர்ந்து ‘வளர், வளர்’ என்று கட்டளை இட்டபடி இருக்கும். மார்புப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 வீதம் இவ்வகை.

அறிக்கையில் 0, 1+, 2+, 3+ என்று ஓர் எண் இருப்பதையும் கவனியுங்கள். 3+ என்றால் பொசிட்டிவ். 2+ என்றால் உறுதியில்லை, மரபணுவின் பிரதிகளை எண்ணும் இன்னொரு சோதனை வேண்டும். அந்த முடிவு வரும்வரை பொறுத்திருப்பது வைத்தியசாலையின் அசட்டையால் அல்ல.

கலிபோர்னியாவில் டெனிஸ் ஸ்லாமனும் சக ஆய்வாளர்களும் 1987இல், இந்த மரபணு பெருகிய கட்டி உள்ள பெண்களுக்கு நோய் விரைவாகத் திரும்புகிறது என்று காட்டினார்கள். நோயைக் கடுமையாக்கும் அதே வாங்கி கலத்தின் வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. அப்படியென்றால் அதுவே குறிவைக்கத் தோதான இலக்கு அல்லவா? ஜெனென்ரெக் நிறுவனம் அந்த வாங்கியில் மட்டும் போய் ஒட்டும் பிறபொருளெதிரி ஒன்றை உருவாக்கியது. அதுதான் டிராஸ்டுசுமாப். ஹெர்செப்டின் என்ற பெயரில் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வாங்கியின் கட்டளையை அது முடக்குவதோடு, உடலின் எதிர்ப்புக் கலங்களை அழைத்து ‘இதோ எதிரி’ என்று அடையாளமும் காட்டுகிறது.

இந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. இதயத் தசைக் கலங்கள் தம்மைப் பேணிக்கொள்ள இதே ஹெர்-2 வாங்கியை நம்பியிருக்கின்றன. அதனால் சிலருக்கு இதயத்தின் பம்பும் வலு குறைகிறது. சிகிச்சைக் காலத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை இதயத்தை ‘எக்கோ’ எடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான். ‘நெஞ்சில் ஒரு குறையும் இல்லையே’ என்று அந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

ஒன்பது கிழமையா, பன்னிரண்டு மாதமா?

நியூசிலாந்தில் அரசு பணம் கொடுக்கும் மருந்துகளை முடிவு செய்வது பார்மாக் என்ற நிறுவனம். 1993இல் தொடங்கியது. அதற்கென்று ஒதுக்கிய தொகைக்குள் நாடு முழுவதற்கும் மருந்து வாங்க வேண்டும். ஒன்றை வாங்கினால் வேறொன்றை விட வேண்டும். எங்கள் தொழில்காரருக்கு நன்கு விளங்கும் கணக்கு இது.

2005 அக்டோபரில், சத்திரசிகிச்சைக்குப் பின் 12 மாதம் ஹெர்செப்டின் கொடுத்தால் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்ற பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. அடுத்த சில மாதங்களில் பின்லாந்தில் இருந்து ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஹெர்-2 பொசிட்டிவ் பெண்கள் 232 பேரில் பாதிப்பேருக்கு வெறும் 9 கிழமை மட்டும் மருந்து. மூன்று ஆண்டுகளில் நோய் திரும்பாதவர்கள் 89 வீதம். மருந்து பெறாதவர்களில் 78 வீதம். பலன் ஏறத்தாழப் பெரிய ஆய்வுகள் போலவே. காலமோ 52 கிழமைகளில் 9, அதாவது 17 வீதம்தான்.

பார்மாக் 12 மாதத்தை மறுத்து, 2007இல் 9 கிழமைக்கு நிதி வழங்கியது. கூடுதலாக வேண்டியவர் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். வீட்டை அடகு வைத்தவர்கள், ஊர்கூடிப் பணம் சேர்த்தவர்கள் பற்றிய செய்திகள் அப்போது வந்தன. மார்புப் புற்றுநோய் கண்ட எட்டுப் பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 2008 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், 12 மாத விடயத்தில் பார்மாக் உரிய கலந்தாய்வு செய்யவில்லை என்று கண்டு மறுபரிசீலனைக்கு அனுப்பியது. பார்மாக் கருத்துகளைக் கேட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் மீண்டும் மறுத்தது. நவம்பரில் பொதுத்தேர்தல். 12 மாதம் தருவோம் என்று வாக்குறுதி அளித்திருந்த தேசியக் கட்சி வென்றது. ஜோன் கீ பிரதமரான சில கிழமைகளில், டிசம்பரில், பார்மாக்கின் வரவுசெலவுக்கு வெளியே அரசே நேரடியாக நிதி கொடுத்தது.

யார் சரி? காலம் சொன்ன பதில் எந்தப் பக்கத்துக்கும் முழு வெற்றி தரவில்லை. 9 கிழமையையும் 12 மாதத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ‘சோல்ட்’ ஆய்வில் 2174 பெண்கள் இருந்தார்கள். நியூசிலாந்தும் அதில் பங்கெடுத்தது. 2018இல் வெளிவந்த முடிவின்படி, ஐந்து ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் 12 மாதப் பிரிவில் 90.5 வீதம், 9 கிழமைப் பிரிவில் 88 வீதம். எங்கள் பாணியில் சொன்னால், இருநூறு பெண்களுக்கு ஐந்து பேர் வித்தியாசம். 9 கிழமை 12 மாதத்துக்கு ஈடானது என்று நிறுவ முடியவில்லை. ஆனால் குறுகிய பிரிவில் இதயப் பாதிப்புக் குறைவு. பிரித்தானியாவில் 4000க்கும் மேற்பட்ட பெண்களிடம் 6 மாதத்தையும் 12 மாதத்தையும் ஒப்பிட்டு 2019இல் வெளிவந்த ‘பெர்செபோன்’ ஆய்வில் நான்கு ஆண்டு முடிவு 89.4 வீதமும் 89.8 வீதமும். ஆயிரத்துக்கு நான்கு பேர் வித்தியாசம். இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ஒரு வருடத்தை விட மேலதிகப் பலன் இல்லை.

பார்மாக் எழுப்பிய ‘இவ்வளவு காலம் தேவையா?’ என்ற கேள்வி நியாயமானது. அந்தப் பெண்கள் கேட்ட ‘சிறிய ஆய்வை நம்பி எங்கள் உயிரில் சிக்கனம் பார்க்கலாமா?’ என்ற கேள்வியும் நியாயமானது. கணக்காளராக எமக்கு உறுத்துவது இன்னொன்று. அந்த எட்டுப் பெண்களுக்கு முகம் இருந்தது. அதே பணத்தில் வேறு மருந்து கிடைத்திருக்கக்கூடியவர்கள் யார் என்று எந்தப் பேரேட்டிலும் பதியப்படுவதில்லை. அதேவேளை அந்த இருநூறில் ஐந்து பேரில் ஒருவர் எங்கள் அக்காவாக இருந்தால், நாங்களும் நீதிமன்ற வாசலில்தான் நின்றிருப்போம். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைப்பது கடினம். ஆனால் அப்படித்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

கிராப்டன் ஆய்வுகூடம்

ஒக்லாந்து நகர வைத்தியசாலைக்கு எதிரே, கிராப்டனில், பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகம் இருக்கிறது. எங்களில் பலர் வாகனத் தரிப்பிடம் தேடி அதைச் சுற்றி வந்திருப்போம். அங்குள்ள ஒக்லாந்து புற்றுநோய்ச் சங்க ஆய்வு மையத்தில், பில் டெனி, ஜெஃப் ஸ்மெயில் முதலிய இரசாயனவியலாளர்கள் 1990களில் அமெரிக்க நிறுவனமான பார்க்-டேவிசுடன் சேர்ந்து, இதே ஹெர் குடும்ப வாங்கிகளை வேறு வழியில் தாக்கும் மூலக்கூறுகளை உருவாக்கினார்கள். டிராஸ்டுசுமாப் வாங்கியின் வெளிப்பகுதியில் ஒட்டும். இவர்களுடைய சிறிய மூலக்கூறோ கலத்துக்குள் நுழைந்து வாங்கியின் உட்பகுதியில் நிரந்தரமாகப் பிணைந்துவிடும். கனேர்ட்டினிப் என்ற அந்த மருந்து மனிதரில் பரிசோதிக்கும் கட்டம்வரை சென்றது. சந்தைக்கு வரவில்லை. ஆனால் அதே முறையில் நிரந்தரமாகப் பிணையும் உறவுமுறை மருந்துகளான அபாட்டினிப், டக்கோமிட்டினிப் பின்னர் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றன. சந்தைக்கு வராத மருந்தை நட்டக் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இன்றைய நிலை

ஹெர்-2 சிகிச்சை இன்று வெகுதூரம் வந்துவிட்டது. அதே பிறபொருளெதிரியின் முதுகில் நஞ்சை ஏற்றி, வாங்கி உள்ள கலத்துக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கும் மருந்துகள் வந்துள்ளன. அவற்றில் ஒன்றான என்ஹெர்டு, 2024இல் புதிய மருந்துகளுக்காக அரசு நான்கு ஆண்டுகளுக்கு ஒதுக்கிய 604 மில்லியன் டொலரைத் தொடர்ந்து, 2025 ஜனவரி முதல் பரவிய நோய்க்கு இங்கே நிதி பெறுகிறது.

பழைய டிராஸ்டுசுமாப்பின் விலையும் இறங்கிவிட்டது. காப்புரிமை முடிந்ததும் ஒப்பு மருந்துகள் வந்தன. பெங்களூருவின் பயோகொன் நிறுவனம் 2014இலேயே இந்தியாவில் ஒன்றை விற்பனைக்கு விட்டது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் டிராஸ்டுசுமாப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஊரில் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ சிகிச்சைக்குப் போகும் உறவினருக்கு நீங்கள் தொலைபேசியில் பேசினால், “ஹெர்-2 சோதனை செய்தாச்சோ?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தச் சோதனை இல்லாமல் இந்த மருந்துக்கு வழியில்லை.

ஒக்லாந்தில் உள்ளவர்களுக்குச் சில விடயங்கள்:

45 முதல் 69 வயதுவரை பெண்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்புப் படப்பிடிப்பு இலவசம். அகதியாக வந்து வதிவிடம் பெற்றவர்களுக்கும் இது உண்டு. ‘ஒரு வருத்தமும் இல்லை, ஏன் போவான்?’ என்பது எங்கள் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. வருத்தம் தெரிய முன்னர் கண்டுபிடிப்பதற்குத்தான் அந்தப் படப்பிடிப்பு.

வைத்தியசாலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஊராருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம், அவர்கள் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்காதீர்கள். தாயின் நோயைத் தாய்க்கே சொல்லும் பாரம் ஒரு பிள்ளைக்கு வேண்டாம். எங்களைப் போன்ற கணக்காளர்களும் வேண்டாம்.

அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் என்ன என்று வைத்தியரிடம் கேளுங்கள். என்ன சிகிச்சை, எவ்வளவு காலம், இதயத்தை எப்போது பார்ப்பார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

எங்கள் அக்கா பன்னிரண்டு மாதமும் மூன்று கிழமைக்கு ஒருமுறை போய் மருந்தேற்றிக்கொண்டார். அரசு முழுச் செலவையும் ஏற்றது. 2007இல் அந்தக் கடிதம் வந்திருந்தால் ஒன்பதாவது கிழமையோடு நின்றிருக்கும். இன்றும் கோவில் திருவிழாவில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட முதலில் வந்து நிற்பவர் அவர்தான்.

அன்றைய கேள்விக்கு இன்று எம்மிடம் பதில் உண்டு. “அக்கா, இது கடுமையான வகை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் எந்த வாங்கி இதை வளர்க்கிறது என்று தெரிந்துவிட்டது, அதற்கென்றே மருந்தும் இருக்கிறது. மிச்சத்தை வைத்தியரிடம் கேட்பம், நாங்களும் கூட வாறம்.” இதைச் சொல்ல அன்று எமக்குத் தெரியவில்லை. வாசிக்கும் உங்களில் ஒருவருக்கு, நாளை ஒரு குசினி மேசையில், சொல்லத் தெரிந்திருக்கட்டும்.